பிஸ்டல் ரீகாயில் ஸ்பிரிங்: எத்தனை பவுண்டு சரி?

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான பாகம் ரீகாயில் ஸ்பிரிங், அதாவது சுட்டதும் பின்னால் ஓடும் மேல்பகுதியை மறுபடி முன்னால் தள்ளும் சுருள்வில். துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கழற்றத் தெரிந்தவருக்கு இதையும் மாற்றத் தெரியும். அதனாலேயே புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். விற்பனைப் பட்டியலைத் திறந்தால் ஒரே மாடலுக்கு 11 பவுண்டு, 13, 15, 17, 20 என்று வரிசையாக ஸ்பிரிங்குகள் கிடக்கும். எதை எடுப்பது? "உதை அதிகமா இருக்கா, விறைப்பான ஸ்பிரிங்கா போடு" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்டு மாற்றியவர்களின் துப்பாக்கிதான் பல நேரம் நடுவில் சிக்கி நிற்கிறது. ஏன் என்று புரிய, ஸ்பிரிங் உள்ளே என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு குண்டு வெளியேறும் நேரத்தில்

தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் போகிறது, அதே உந்தத்தோடு ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னால் வருகிறது. இன்று புழக்கத்தில் இருக்கும் 9 மி.மீ., .45 (அங்குலம்) குறுக்களவுத் தோட்டா சுடும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஜான் பிரௌனிங் வகுத்த வழியில் இயங்குகின்றன. 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டல் அவர் வடிவமைத்ததுதான், அந்த மாடலின் பெயரே 1911. இந்த அமைப்பில் பேரலும் (குழல்) ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் தூரம் சேர்ந்தே பின்வாங்கும். அதற்குள் குண்டு வெளியே போய்விடும், உள்ளிருக்கும் அழுத்தமும் தணிந்துவிடும். பிறகு பேரலின் பின்பகுதி கீழே சாய்ந்து பூட்டு விலகும். பேரல் அங்கேயே நின்றுகொள்ள, ஸ்லைடு மட்டும் பின்னால் ஓடும்.

அப்படி ஓடும்போதே அது பல வேலைகளைச் செய்கிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலிக் கூட்டைத் தோட்டா அமரும் அறையிலிருந்து இழுக்கிறது, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது, ஹேமர் (சுத்தி) பின்னால் தள்ளப்பட்டு அடுத்த சுடலுக்குத் தயாராகிறது, ரீகாயில் ஸ்பிரிங் சுருங்குகிறது. கடைசியில் ஸ்லைடு ஃபிரேமில் (பிடி உள்ள அடிப்பகுதி) மோதி நிற்கும். அந்த இடத்தில் சுருங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளத் தொடங்கும். போகும் வழியில் மேகசினின் (பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி) மேலே இருக்கும் தோட்டாவைப் பிடுங்கி, ஏற்றத்தில் ஏற்றி, அறைக்குள் செருகி, பேரலை மறுபடி மேலே தூக்கிப் பூட்டவும் வேண்டும். இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். விறைப்பான ஸ்பிரிங் பூட்டை அதிக நேரம் மூடி வைத்திருக்கும், அதனால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். குண்டு பேரலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி நொடிதான். அந்த நேரத்தில் ஸ்பிரிங் கொடுக்கும் எதிர்ப்பு, வெடிப்பின் உந்தத்தோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு அளவே வரும். அந்தக் கணத்தில் ஸ்லைடைத் தாமதப்படுத்துவது அதன் எடையும் பேரலின் எடையும்தான். பூட்டே இல்லாத பிளோபேக் வகை பிஸ்டல்களிலும் முக்கிய வேலை எடைக்குத்தான். அவற்றில் ஸ்பிரிங்குக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் சின்ன .380 பிஸ்டல்களின் ஸ்லைடை இழுக்கக் கை வலிக்கும். இந்தக் கட்டுரை பூட்டு உள்ள வகையைப் பற்றியது.

பவுண்டு என்பது எதன் பவுண்டு

பாக்கெட்டில் 16 பவுண்டு என்று போட்டிருந்தால் அது ஸ்பிரிங்கின் எடை இல்லை என்பது தெரிந்ததே. ஸ்லைடு முழுவதுமாகப் பின்னால் போயிருக்கும் நிலையில் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் விசை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.3 கிலோ எடையைத் தாங்கும் விசை. ஸ்லைடு மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். அப்போது அது தரும் விசையை முன்விசை என்று வைத்துக்கொள்வோம். முழு நீள 1911இல் இது அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி. சுருங்கச் சுருங்க விசை சீராக ஏறும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. அந்த எண் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே பொருள் உள்ளது. .45 தோட்டா சுடும் முழு நீள 1911க்கு வழக்கமான எண் 16. அதைவிட மென்மையான 9 மி.மீ. சுடும் பிரௌனிங் ஹை பவருக்கும் மூன்றாம் தலைமுறை கிளாக் 17க்கும் 17. அதே 9 மி.மீ. சுடும் பெரெட்டா 92க்கு 13 போதும். ஸ்லைடின் எடை, அது ஓடும் தூரம், பூட்டு விலகும் விதம், ஹேமர் ஸ்பிரிங்கின் பங்கு எல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். "என் துப்பாக்கியில் 15 போட்டேன், அருமை" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் ஒரே மாடலா, ஒரே பேரல் நீளமா என்று முதலில் கேளுங்கள். 1911லேயே கொஞ்சம் குட்டையான கமாண்டருக்கு வழக்கமான எண் 18 ஆகிவிடுகிறது. ஸ்லைடு குட்டையாகும்போது எடையும் குறைகிறது, ஓட்டத் தூரமும் குறைகிறது, ஸ்பிரிங்குக்கு இருக்கும் இடமும் குறைகிறது.

ஸ்லைடைக் கையால் இழுத்துப் பார்த்து ஸ்பிரிங்கை எடைபோடுவதும் சரிவராது. ஹேமர் உள்ள பிஸ்டலில், இழுக்கும்போது நீங்கள் ஹேமரையும் அதன் ஸ்பிரிங்கையும் எதிர்த்துத் தள்ளுகிறீர்கள். முதலில் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு லேசாகிவிடுகிறது என்று தெரியும். சுடும்போதும் அப்படித்தான். ஸ்லைடு கிளம்பும் முதல் கணத்தில் அதைத் தடுப்பதில் ஹேமர் ஸ்பிரிங்குக்கும் நல்ல பங்கு உண்டு. அதை மாற்றிவிட்டு, ரீகாயில் ஸ்பிரிங் அப்படியே இருந்தும் ஏன் காலிக் கூடுகள் தூரமாகப் பறக்கின்றன என்று குழம்புகிறவர்கள் உண்டு.

போகும் வேகமும் வரும் வேகமும்

இனி முக்கியமான கணக்கு. முழு நீள 1911இல் 230 கிரெயின் (சுமார் 15 கிராம்) எடையுள்ள .45 குண்டு நொடிக்கு சுமார் 830 அடி வேகத்தில் போகிறது. அந்த உந்தம் ஸ்லைடையும் பேரலையும் நொடிக்கு ஏறத்தாழ 7, 8 மீட்டர் வேகத்தில் பின்னால் எறியும். உத்தேசமாகப் போட்டுப் பார்த்தால், ஸ்லைடின் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றலில் 16 பவுண்டு ஸ்பிரிங் வாங்கிக்கொள்வது கால் பங்கு அளவுதான். கொஞ்சம் ஹேமருக்கும் உராய்வுக்கும் போகும். மீதி எல்லாம் ஃபிரேமில் மோதித் தீரும். அதாவது ஸ்லைடு ஃபிரேமில் மோதுவது இயல்பு, துப்பாக்கி அதற்காகவே கட்டப்பட்டது.

இப்போது 16ஐ எடுத்துவிட்டு 18 போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு கூடும். ஆனால் அது கால் பங்கில் எட்டில் ஒன்று. மொத்த ஆற்றலில் பார்த்தால் நூற்றுக்கு மூன்று. ஃபிரேமில் விழும் அடி அவ்வளவுதான் குறையும். திரும்பி வரும் பயணத்தில் கதை வேறு. அங்கே ஸ்லைடை ஓட்டுவது பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும்தான். அது சேர்த்துவைத்தது எட்டில் ஒரு பங்கு கூடினால், முன்னால் வந்து மோதும் ஆற்றலும் ஏறக்குறைய அதே பங்கு கூடும்.

ஆக, பின்னால் கிடைக்கும் லாபம் சொற்பம், முன்னால் விழும் செலவு முழுசு. உதையைக் குறைக்க என்று போட்ட ஸ்பிரிங், துப்பாக்கியின் முன்பக்கத்தைக் கீழே குத்த வைக்கிறது. கைக்கு வந்து சேரும் மொத்த உந்தத்தில் துளியும் குறையாது. குண்டின் எடையும் வேகமும் மாறாத வரை அது மாறாது. ஸ்பிரிங் செய்வது அதை நேரத்தில் பிரித்துக் கொடுப்பது. எப்போது, எந்தத் திசையில் உணர்கிறீர்கள் என்பதுதான் மாறும். சிலருக்கு அந்த மாற்றம் பிடிக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உதை குறைந்தது என்று நினைப்பதும் உதை குறைவதும் ஒன்றல்ல.

கதவைத் தானாக மூடும் ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இளக்கமாக இருந்தால் கதவு நிலையில் வந்து ஒட்டி நின்றுவிடும், தாழ் விழாது. விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் படாரென்று அடித்து நிலையையே உடைக்கும். யாரும் அதைத் திறக்கிற சிரமத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, மூடுகிற விதத்தை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். ரீகாயில் ஸ்பிரிங்கையும் அதே கண்ணோடு பார்ப்பதே சரி என்பது என் கட்சி.

இளகினால் என்ன, விறைத்தால் என்ன

ஸ்பிரிங் தேவைக்கு மேல் இளகியிருந்தால் காலிக் கூடுகள் தூரமாகப் போய் விழும். ஃபிரேமில் அடி பலமாக விழும். நீண்ட நாளில் அது தேய்மானம், சில ஃபிரேம்களில் விரிசல். உடனே தெரிவது வேறு: ஸ்லைடு கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது. அழுக்குச் சேர்ந்த துப்பாக்கியிலோ, கொஞ்சம் தடித்த தோட்டாவிலோ இது முதலில் தலைகாட்டும்.

ஹேமருக்குப் பதில் ஸ்பிரிங்கால் பாயும் ஊசி தோட்டாவை அடிக்கும் ஸ்டிரைக்கர் வகை பிஸ்டல்களில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கிளாக் போன்றவற்றில் டிரிகரை அழுத்தும்போது ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் சுருங்குகிறது. அந்த விசை ஸ்லைடைப் பின்பக்கமாக இழுக்கப் பார்க்கும். அதை எதிர்த்து மூடி வைத்திருப்பது ரீகாயில் ஸ்பிரிங். அது மிக இளக்கமாக இருந்தால் டிரிகரை அழுத்த அழுத்த ஸ்லைடு லேசாகத் திறந்துகொள்ளும். அதைச் சமாளிக்க ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கையும் இளக்கினால், பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பகுதி) அடி வலுவில்லாமல் தோட்டா வெடிக்காமல் போகும். ஒன்றை மாற்ற இன்னொன்று, அதற்காக மூன்றாவது. போட்டிக்கென்றே தனித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இது பொழுதுபோக்கு. ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தலைவலி.

விறைப்பு அதிகமானால் ஸ்லைடு முழுத் தூரம் போகாமலே திரும்பிவிடும். காலிக் கூடு காலருகில் விழும், அல்லது வெளியேறும் முன்பே ஸ்லைடு மூடி, கூடு புகைபோக்கி மாதிரி மேலே நட்டுக்கொண்டு நிற்கும். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்க வேண்டியது நிற்காது. இன்னும் நுட்பமானது ஒன்று: ஸ்லைடு வேகமாகத் திரும்பி வருவதால், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தும் முன் அதைத் தாண்டிப் போய்விடும். அறை காலியாகவே மூடும், அல்லது ஸ்லைடு தோட்டாவின் நடு உடம்பில் வந்து இடிக்கும்.

எந்தத் தோட்டாவில் சிக்கல் வருகிறது என்பதே பாதி நோயறிதல். நிரம்பிய மேகசினில் தோட்டாக்கள் இறுக்கமாக அழுத்தப்பட்டிருக்கும், மேல் தோட்டாவை உருவ அதிக விசை வேண்டும். முதல் ஓரிரு தோட்டாவில் ஸ்லைடு மூடத் திணறினால் ரீகாயில் ஸ்பிரிங் இளகியிருக்கலாம். கடைசி ஓரிரு தோட்டாக்களில் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்து மெதுவாகத் தூக்கும். அங்கே தாண்டிப் போனால் ரீகாயில் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கலாம், அல்லது மேகசின் ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று பார்க்கப் புது மேகசினைப் போட்டுச் சுடுவது எளிய வழி.

பிடியையும் மறக்கக் கூடாது. ஸ்லைடு முழுத் தூரம் ஓட ஃபிரேம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து துப்பாக்கி முழுவதும் பின்னால் போனால் ஸ்லைடின் ஓட்டம் குறையும். விறைப்பான ஸ்பிரிங்கின் அறிகுறிகள் அத்தனையும் வரும், ஆனால் ஸ்பிரிங்கில் குறையே இருக்காது. புதியவர்களுக்கு வரும் சிக்கலில் கணிசமான பங்கு இதுதான். ஸ்பிரிங் வாங்கும் முன் அனுபவசாலி ஒருவரிடம் உங்கள் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு மேகசின் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் ஓடினால் பணம் மிச்சம்.

எதை வைத்துத் தேர்வு செய்வது

முதலில் தோட்டா. சுடும் போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு உண்டு: குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்து, பெருக்கி, 1000ஆல் வகுத்தால் வரும் எண். போட்டிக்காக வந்தது என்றாலும் ஸ்பிரிங் தேர்வுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை, ஏனென்றால் ஸ்லைடைத் தள்ளுவது உந்தம், இந்த எண் அதன் நிழல். 115 கிரெயின் குண்டு 1150 அடி வேகத்தில் போனால் 132. 147 கிரெயின் குண்டு 900 அடியில் போனாலும் 132. இரண்டும் ஸ்லைடுக்கு ஏறக்குறைய ஒரே தள்ளுதான். மேலே சொன்ன .45 தோட்டா 191 வரும்.

ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசச் சுடும் அமைப்பின் போட்டிகளில் மைனர் பிரிவுக்கு, அதாவது வலு குறைந்த தோட்டாக்களுக்கு, இந்த எண் குறைந்தபட்சம் 125. அதைத் தொட்டும் தொடாமலும் மென்மையாகத் தோட்டா தயாரிப்பவர்கள் இளக்கமான ஸ்பிரிங் போடுவதற்குக் காரணம் இதுதான், அவர்கள் ஸ்லைடுக்குக் கிடைக்கும் தள்ளே குறைவு. அவர்கள் போடும் 11 பவுண்டைப் பார்த்துக் கடையில் வாங்கிய முழு வலுத் தோட்டாவோடு நாமும் போட்டால் சரிவராது. அதேபோல .45இல் 200 கிரெயின் குண்டை 750 அடியில் விடும் இலக்குத் தோட்டாவுக்கு 150தான் வரும். அதற்கு 16 பவுண்டு விறைப்பாகத் தோன்றும், 12 முதல் 14 வரை இறங்குவார்கள். அழுத்தம் கூடிய பிளஸ் பி வகைத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுடுகிறவர் ஓரிரு பவுண்டு ஏற்றுவது நியாயம்.

அப்புறம் ஸ்லைடின் எடை. ஸ்லைடில் ஜன்னல் மாதிரி வெட்டி எடையைக் குறைத்தால் அதே உந்தத்தில் அது வேகமாக ஓடும். மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தினால் மெதுவாகும். பெரும்பாலான முழு அளவுத் துப்பாக்கிகளில் ரெட் டாட்டுக்காக ஸ்பிரிங் மாற்ற வேண்டி வருவதில்லை. காம்பன்சேட்டர் விஷயம் அப்படியல்ல. பேரல் நுனியில் திருகும் அந்தத் துண்டு வாயுவை மேலே திருப்பிவிடுகிறது, சில வடிவங்களில் பேரலை முன்னோக்கியும் இழுக்கிறது. எடையும் கூடுகிறது. ஸ்லைடு போதிய வேகம் எடுக்காமல் கூடுகள் சிக்கத் தொடங்கும். ஓரிரு பவுண்டு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சோதித்துப் பார்க்கும் விதம்

தொடங்க வேண்டிய இடம் தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த எண். அது தற்செயலாக வந்த எண் இல்லை. குளிர், அழுக்கு, பலவகைத் தோட்டா, பலவகைக் கை எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்று பார்த்து வைத்தது. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் அதை மாற்றாமல் இருப்பதே நல்லது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு பவுண்டுக்கு மேல் தாண்டாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவையே வைத்துச் சோதியுங்கள். கண்ணாடியும் காதுக்கவசமும் போட்டுக்கொண்டு, சுடும் தளத்தில், காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு 3 முதல் 6 அடி. அதைத் தாண்டிப் பறந்தால் கொஞ்சம் ஏற்றலாம், காலடியில் விழுந்தால் கொஞ்சம் இறக்கலாம். ஆனால் இது தோராயம். எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும் எஜெக்டரின் நீளமும் இந்தத் தூரத்தை மாற்றும். கூடு விழும் தூரத்தை மட்டும் வைத்து ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பிரிங் வாங்குகிறவர்களைப் பார்த்தால், முதலில் எக்ஸ்ட்ராக்டரைச் சுத்தம் செய்யச் சொல்லத் தோன்றும்.

அடுத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும். இரண்டு கையில், வலக்கை மட்டும், இடக்கை மட்டும், கொஞ்சம் தளர்ந்த பிடியில் என்று நான்கு விதமாகவும் பாருங்கள். பலமான பிடியில் மட்டும் நிற்கிறது, தளர்ந்தால் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங் விளிம்பில் இருக்கிறது. விரல் ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தும் நெம்பு) மேல் படாமல் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஏமாற்றும்.

மூடும் வலுவைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு மட்டும் செய்யுங்கள். ஸ்டிரைக்கர் பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில், வாய்ப்பகுதி 45 பாகை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை முழுவதும் பின்னால் இழுத்து, விடாமல் மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் தன் பலத்திலேயே ஸ்லைடை முழுவதுமாக மூட வேண்டும். கடைசியில் இடைவெளி விட்டு நின்றால் அந்த ஸ்பிரிங் இளைத்துவிட்டது அல்லது அந்தத் துப்பாக்கிக்குப் போதாது.

இவையெல்லாம் தேறிய பிறகுதான் ஸ்லைடின் முன்முனையில் குறிபார்க்க இருக்கும் குமிழைக் கவனிக்க வேண்டும், சுவாரசியமான பகுதியும் அதுதான். கண் சிமிட்டாமல் சுடப் பழகியவருக்குக் குமிழ் மேலே எழும்பித் திரும்புவது தெரியும். கிளம்பிய இடத்துக்கே வந்து அடங்கினால் ஸ்பிரிங் உங்களுக்கும் தோட்டாவுக்கும் பொருந்திவிட்டது. கிளம்பிய இடத்துக்குக் கீழே குத்திவிட்டு எழும்பினால் விறைப்பு அதிகம். மேலேயே தயங்கி மெதுவாக இறங்கினால் இளக்கம். இரண்டு பேர் ஒரே துப்பாக்கியில் ஒரே தோட்டாவைச் சுட்டு வேறு வேறு எண்ணைச் சொல்வது இதனால்தான், கையின் பலமும் பிடியும் வேறு. புதியவர் இதில் அவசரப்பட வேண்டாம். பிடி மாறிக்கொண்டே இருக்கும்போது ஸ்பிரிங்கை மாற்றினால் எதனால் எது நடந்தது என்றே தெரியாது.

முடிவெடுத்த ஸ்பிரிங்கோடு குறைந்தது 200 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள், அதில் ஒரு பகுதி சுத்தம் செய்யாமல். துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கியில் எந்த ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் ஓடும்.

வாங்கும்போது

சாதா ஸ்பிரிங்கில் சுற்றுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கும். வேரியபிள் என்று விற்பதில் இடைவெளி மாறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மென்மையாகவும் கடைசியில் விறைப்பாகவும் இருக்கும். கையால் இழுக்கச் சுகம், ஆனால் மூடும் கடைசிக் கட்டத்தில் வலு குறைவு. சாதா ஸ்பிரிங்கும் வேரியபிளும் ஒரே 16 பவுண்டு என்று சொன்னாலும் முன்விசை ஒன்றாக இருக்காது. எனக்குச் சாதாதான் பிடிக்கும், என்ன செய்கிறது என்று சுலபமாகக் கணிக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைத்து ஒரே தண்டில் அடைத்து வருபவை இன்றைய சிறிய பிஸ்டல்களில் அதிகம். நான்காம் தலைமுறை கிளாக்கிலிருந்து பெரிய அளவிலும் வந்துவிட்டது. அவற்றில் எண்ணை மாற்றி விளையாட அதிக இடமில்லை. மாற்ற விரும்புகிறவர்கள் ஒற்றை ஸ்பிரிங்குக்கான தண்டும் இணைப்பு வளையமும் தனியாக வாங்குகிறார்கள்.

புது ஸ்பிரிங்கைப் போட்டதும் ஸ்லைடு முழுத் தூரம் போகிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றுகள் அதிகமானாலோ கம்பி தடித்தாலோ, ஸ்லைடு ஃபிரேமைத் தொடும் முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக் கட்டையாகிவிடும். அப்படியே சுட்டால் அடி முழுவதும் ஸ்பிரிங்கிலும் தண்டிலும் விழும். ஃபிரேமுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ரப்பர் பஃபர் வைப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், பஃபரே சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

விறைப்பைக் குறைக்க ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. வெட்டினால் முன்விசை குறையும், ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விசை ஏறும் வேகம் கூடும். வலு மிகவும் தேவைப்படும் மூடுகிற இடத்தில்தான் அது அதிகமாகக் குறைகிறது. இளக்கமானது வேண்டும் என்றால் இளக்கமானதையே வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் என்பது தேயும் பொருள். புதிதாகப் போட்டதும் கொஞ்சம் சுருங்கி அடங்கும், அது இயல்பு. பிறகு ஆயிரக்கணக்கான தோட்டாக்களில் மெதுவாக இளகும். முழு அளவுத் துப்பாக்கிகளில் சில ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். குட்டையான துப்பாக்கிகளில் ஸ்பிரிங் அதிகமாகச் சுருக்கப்படுவதால் அதற்கு முன்பே. உங்கள் மாடலுக்கான எண் கையேட்டில் இருக்கும். ஒரு காலத்தில் நன்றாக ஓடிய துப்பாக்கி திடீரென்று கூடுகளைத் தூர எறியத் தொடங்கினால், வேறு எண்ணைத் தேடாமல் அதே எண்ணில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். போடும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடலாம், ஆனால் ஒரே தயாரிப்பாளர், ஒரே வகை என்றால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

இன்னொன்று, வேலைக்கு உதவும் சின்ன விஷயம். பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டால் 14ஐயும் 16ஐயும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வண்ணப் புள்ளி வைத்து, எந்த வண்ணம் எத்தனை பவுண்டு, எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.